புறாக்கள் தின்ற கோடு

பிரான்ஸ் தமிழர் உழவு இயந்திர இழுவைப் பேரவைக்கு நாற்பத்து மூன்று நிர்வாகிகள் இருந்தார்கள். உழவு இயந்திரம் இருக்கவில்லை. அதை ஒரு குறையாக அங்கே யாரும் நினைத்ததில்லை. “பழைய மாணவர் சங்கங்கள் பள்ளிக்கூடத்தை வைச்சுக்கொண்டோ நடத்துகினம்?” என்று தலைவர் புண்ணியமூர்த்தி கேட்பார். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாததால், அந்தக் கேள்வியையே பேரவையின் கொள்கை விளக்கமாக அச்சடித்து வைத்திருந்தார்கள்.

இழுவை என்பது ஒரு விளையாட்டு. உழவு இயந்திரத்தின் பின்னால் பாரவண்டி ஒன்றைக் கொழுவி, நூறு மீற்றர் நேராக இழுக்க வேண்டும். போகப் போகப் பாரம் கூடும். அநேகமான இயந்திரங்கள் பாதியிலேயே புகை கக்கி நின்றுவிடும். நூறு மீற்றரும் போனால் அது ‘முழு இழுவை’. நெதர்லாந்திலே சனம் காதை அடைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறது. புண்ணியமூர்த்தி அதைக் கைத்தொலைபேசியில் மூன்று நிமிடம் பார்த்தார். அடுத்த கிழமையே பேரவை பதிவு செய்யப்பட்டது.

அலுவலகம், பாரிஸின் லூயி-பிளாங் தெருவில் அவருடைய பயண முகவர் நிலையத்துக்கு மேல்மாடி. பதினைந்து கதிரைகள்தான் கொள்ளும். ஆகவே கூட்டங்கள் தவணை முறையில் நடந்தன. முதல் தவணையில் தீர்மானத்தை முன்மொழிவார்கள். இரண்டாம் தவணையில் எதிர்ப்பார்கள். கடைசித் தவணை கூடும்போது எல்லோருக்கும் பசித்துவிடும், தீர்மானம் நிறைவேறும்.

கலைமாறன் அங்கே போனது இழுவைக்காக அல்ல. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பம் நிரப்ப. அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. வன்னியிலிருந்து வந்து பதினோரு வருடம். லெ பிளாங்-மெனிலில் அறை, லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் கோப்பை கழுவும் வேலை. படிவங்களைத் தானே நிரப்பிக் கொடுக்கும் புண்ணியமூர்த்தி, பேனையை ஓட்டியபடி கேட்டார்.

“ஊரிலை என்ன தொழில்?”

“ட்ரக்டரிலை அண்ணை.”

பேனை நின்றது. “ஓடினனீங்களோ?”

கலைமாறன் ஓட்டவில்லை. பின்னால் இழுபடும் பெட்டியில் நின்று நெல்மூட்டையும் மணலும் ஏற்றி இறக்கியவன். ஒருமுறை ஓட்டுநர் வெற்றிலை வாங்கப் போன நேரம் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். ஆனால் இத்தனை வருடத்தில் அவனிடம் இவ்வளவு மரியாதையோடு யாரும் எதையும் கேட்டதில்லை.

“ஓம்,” என்றான்.

பத்து நிமிடத்தில் அவன் பேரவையின் தொழில்நுட்பத் தலைவரும் பிரதம நடுவருமானான். கருநீலக் கோட்டும் கழுத்துப்பட்டியும் கொடுத்தார்கள். “உங்கட நசியோனலித்தே தொசியேக்குப் பேரவையின்ர கடிதம் ஒண்டு வைப்பம். பிரெபெக்தூரிலை அது நல்லாப் பாரமா இருக்கும்,” என்றார் தலைவர், குடியுரிமைக் கோப்பையும் அதைப் பார்க்கும் அரச அலுவலகத்தையும் பிரெஞ்சிலேயே சொல்லி. பாரத்தைப் பற்றி அந்தப் பேரவை எடுத்த முதல் தெளிவான நிலைப்பாடு அது.

கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியபோது கலைமாறனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. கழுத்துப்பட்டி இறுக்கம் என்று நினைத்தான். கழற்றிய பிறகும் உறுத்தியது.

*

வசந்த காலத்தில் ‘இழுவையின் எதிர்காலம்’ என்று ஒரு மாநாடு கூட்டினார்கள். தலைவர் தொடக்கவுரை ஆற்றினார்.

“உலகத்திலை ட்ரக்டர் இருக்கிற இடமெல்லாம் இழுவை இருக்கு. அதிலை என்ன பெருமை? ட்ரக்டரே இல்லாமல் இழுவையை வளத்தெடுத்த ஒரே அமைப்பு எங்கட பேரவைதான்!”

கைதட்டல் ஓய்ந்ததும் விதிமுறைச் செயலாளர் மார்செல் எழுந்தார். புதுச்சேரிக்காரர். அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தாறு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். “மெதாம், மிசியே, நம்ம ரெகில்மான், விதிப் புத்தகம், இப்ப இருநூத்திப் பத்து பக்கம் வந்துடுச்சி. இன்னும் ஒரே ஒரு ஆர்த்திக்ள்தான் பாக்கி. டிராக்டர்னா என்னங்கிறது. அதுல அவசரப்படக் கூடாது.”

அடுத்து வந்தவன் எதிர்காலப் பணிப்பாளர் செபஸ்டியன். இங்கே பிறந்தவன், விளம்பர நிறுவனத்தில் வேலை. திரையில் பச்சை நிறத்தில் ஓர் அம்புக்குறி மேலே போய்க்கொண்டிருந்தது.

“இந்த ஸ்போர்ட்டோட பிசினஸ்ல மூணு பிரச்சினை. சத்தம், புகை, பாரம். ரெண்டாயிரத்து நாப்பதுக்குள்ள நாம மூணையும் எடுத்துடுவோம்.”

கலைமாறன் கையைத் தூக்கினான். “பிறகு என்ன தம்பி மிஞ்சும்?”

செபஸ்டியன் அவனைப் பரிவோடு பார்த்தான். “பிராண்ட், மிசியே.”

மாநாட்டின் முடிவில், உண்மையிலேயே ஒரு போட்டி நடத்துவதென்று எதிர்பாராத விதமாகத் தீர்மானமாயிற்று. அரிசி மொத்த வியாபாரி ஒருவர் செலவை ஏற்கும் பிரதான அனுசரணையாளராக முன்வந்ததுதான் காரணம். அவருடைய மருமகன் ரோமன், கணினியில் உழவு இயந்திரம் ஓட்டும் விளையாட்டில் கெட்டிக்காரனாம். வெற்றி பெறுபவருக்கு நாற்பத்து மூன்று பேரும் கையெழுத்திட்ட சான்றிதழ். பங்குபற்றியதற்கான சான்றிதழ்களும் அச்சாயின. அவை நிர்வாகிகளுக்கு.

*

போட்டியாளர்கள் இரண்டு பேர். ஒருவன் ரோமன், வாடகைக்கு எடுத்த புத்தம் புதிய இயந்திரத்தோடு. மற்றவள் வசந்தரூபி.

அவள் வில்லியே லே பெல்லுக்கு அப்பால், ஜிஸ்லேன் என்ற பிரெஞ்சுக்காரக் கிழவியின் மரக்கறித் தோட்டத்தில் ஏழு வருடமாக வேலை செய்தாள். ஊரிலேயே தகப்பனின் இயந்திரத்தை ஓட்டிப் பழகியவள். ஜிஸ்லேனின் பழைய சிவப்பு உழவு இயந்திரத்தைத் தானே ஓட்டிக்கொண்டு போட்டித் திடலுக்கு வந்தாள். திடல் என்பது, பீற்றூட் கிண்டி முடிந்த ஒரு வெறும் வயல்.

போட்டிக்கு முன் தொழில்நுட்பப் பரிசோதனை. கலைமாறன் கோட்டோடு முன்னே போக, அட்டையில் குறித்துக்கொள்ள இரண்டு உதவிச் செயலாளர்கள் பின்னே போனார்கள். இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவன், எப்போதோ காதில் விழுந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டான்.

“கார்புரேட்டரைத் திறந்து காட்டுங்கோ.”

வசந்தரூபி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல அவன் பக்கமாகக் குனிந்து, மெல்லிய குரலில் சொன்னாள்.

“அண்ணை, டீசல் எஞ்சினுக்கு அது இல்லை. பாத்தாச்சு எண்டு எழுதச் சொல்லுங்கோ.”

“திருப்தி,” என்றான் கலைமாறன் உரக்க. உதவிச் செயலாளர்கள் இருவரும் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் அப்பால் போனபின் அவள் கேட்டாள்.

“பெட்டியிலை நிண்டனீங்களோ?”

“ஓம்.”

“அதுவும் வேலைதானே. ஓடுறவன் இருந்துகொண்டு போவான். நிக்கிறவனுக்குத்தான் முதுகு முறியும்.”

அவள் சிரிக்கவில்லை. பகிடி பண்ணவும் இல்லை. அதனால் அவனுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. எதையாவது பேசவேண்டுமே என்று, ஏன் போட்டிக்கு வந்தீர்கள் என்று கேட்டான்.

“எனக்கின்னும் வதிவிடக் கார்ட் கிடைக்கேல்லை அண்ணை. ரெண்டு தரம் மறுத்துப்போட்டாங்கள். இந்த முறை இன்தெக்ராசியோன், இவையோடை ஒண்டிப்போனதைக் காட்டோணுமாம் எண்டு வக்கீல் சொல்லுறார். ஏழு வருசமா இவையின்ர மண்ணைத்தான் உழுகிறன் எண்டன். அது வேலையாம், இன்தெக்ராசியோன் இல்லையாம். ஒரு அசோசியாசியோன்ர சான்றிதழ் எண்டா நல்லதாம்.”

“வெண்டிடுவியள்,” என்றான் கலைமாறன். ரோமன் கண்ணாடியைத் துடைக்கும் விசையைத் தேடிக் கொண்டிருந்ததை அவன் பார்த்திருந்தான்.

*

விழா காலை பத்து மணிக்குத் தொடங்கியது. உரைகள் மூன்று மணி நாற்பது நிமிடம் நீண்டன.

ஓடுபாதையின் இரு பக்கத்துக்கும் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். டயர் கோட்டைத் தாண்டினால் தகுதி நீக்கம். சுண்ணாம்பால் போடலாம் என்று கலைமாறன் சொல்லியிருந்தான். ஆனால் அனுசரணையாளர் தன் நிறுவனத்தின் அரிசிமாவை இலவசமாகத் தந்திருந்ததால் மாவால் போடப்பட்டது. இரண்டாவது வாழ்த்துரையின்போது புறாக்கள் வந்தன. பொருளாளர் பேசி முடிக்கையில் வலப்பக்கக் கோட்டில் பாதியைக் காணவில்லை. பிரதம விருந்தினர் விளையாட்டில் நேர்மையின் முக்கியத்துவத்தை விளக்கிக் கொண்டிருந்தபோது இடப்பக்கக் கோடும் முடிந்தது. கலைமாறன் இரண்டு தடவை எழுந்து கலைத்துப் பார்த்தான். பேச்சாளரை அவமதிப்பதாக மார்செல் சைகை காட்டவே உட்கார்ந்துவிட்டான்.

பாரவண்டியிலும் ஒரு சிக்கல் இருந்தது. முறையான வண்டியில் பாரப்பெட்டி தானாக முன்னே நகர்ந்து சுமையைக் கூட்டும். அதை வாங்குவதற்கான உபகுழு மூன்று வருடமாக ஆராய்ந்து கொண்டிருந்தது. ஆகவே ஒரு தட்டைப் பெட்டியைக் கொழுவி, ஓடுபாதை நெடுக நிர்வாகிகளை நிறுத்தினார்கள். வண்டி தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதில் ஏறவேண்டும். முற்காலத்தில் இப்படித்தான் செய்தார்களாம். பாரத்துக்குப் பேரவையில் பஞ்சமில்லை.

யார் எங்கே ஏறுவது என்பதில்தான் ஒரு மணி நேரம் போயிற்று. பதவி கூடக் கூடப் பிந்தி ஏறவேண்டும் என்று மார்செல் விதித்தார். உதவிச் செயலாளர்கள் தொடக்கத்திலேயே ஏற, தலைவர் தொண்ணூற்றைந்தாவது மீற்றரில் மாலையோடு நின்றார்.

முதலில் ரோமன். இயந்திரம் உறுமியது. கலைமாறனுக்கு மூக்கில் எரிநாற்றம் அடித்தது. பெட்டியில் நின்று பழகியவனுக்கு அந்த மணம் தெரியும். ரோமன் கைப்பிரேக்கை விடுவிக்கவில்லை. “பாருங்க, பாரத்தோட எப்படிப் போராடுறாரு!” என்று ஒலிபெருக்கியில் செபஸ்டியன் முழங்கினான். முப்பத்தோராவது மீற்றரில், பதின்மூன்று உதவிச் செயலாளர்களோடு எல்லாம் நின்றது.

அடுத்து வசந்தரூபி. அவள் ஒலிபெருக்கியைக் கவனிக்கவில்லை. மெல்லக் கிளட்சை விட்டாள், கொளுக்கி இறுகும்வரை பொறுத்தாள், பிறகு இழுத்தாள். உதவிச் செயலாளர்கள் ஏறினார்கள். இணைச் செயலாளர்கள் ஏறினார்கள். ஐம்பது மீற்றரில் ஆலோசகர்கள் ஏறினார்கள். முன்சக்கரங்கள் நிலத்தை விட்டு ஒரு சாண் எழும்பின. அவள் உடம்பை முன்னே சாய்த்தாள். எழுபதில் போஷகர்கள். தொண்ணூறில் மார்செல், விதிமுறைக் கோப்புடன். தொண்ணூற்றைந்தில் தலைவரை இருவர் கைலாகு கொடுத்து ஏற்றினார்கள். ஒரு கணம் இயந்திரம் திணறியது. கறுப்புப் புகை எழுந்தது. பிறகு நாற்பத்தொரு நிர்வாகிகளும் கையசைத்தபடி எல்லையைக் கடந்தார்கள்.

முழு இழுவை. கலைமாறன் தன்னை மறந்து பச்சைக் கொடியைத் தூக்கினான். அது நிஜமாகவே அழகாக இருந்தது. உழுதது போல, கீறிவிட்டது போல, நேரான ஒரு தடம்.

*

ஐந்து நிமிடத்தில் அவனைக் கூடாரத்துக்குள் அழைத்தார்கள். அனுசரணையாளர் ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்.

“தம்பி, டயர் கோட்டைத் தாண்டினதாச் சிலபேர் கதைக்கினம்,” என்றார் தலைவர்.

“கோட்டைப் புறா திண்டிட்டுதே அண்ணை.”

“புறா தின்னது மாவை,” என்றார் மார்செல் பொறுமையாக. “கோட்டை இல்ல. ஆர்த்திக்ள் பதினேழு: கோடு அழிந்தாலும் கோட்டின் சட்ட வலு அழியாது. கோடு எங்க இருந்துச்சின்னு சொல்ற அதிகாரம் பிரதம நடுவருக்கு மட்டும்தான்.”

“நாங்கள் உங்களை ஒண்டும் சொல்லச் சொல்லேல்லை,” என்றார் தலைவர். “உங்கட மனச்சாட்சிப்படி சொல்லுங்கோ. உங்கட நசியோனலித்தேக் கடிதமும் மேசையிலைதான் கிடக்கு. திங்கக்கிழமை கையெழுத்து வைப்பம் எண்டு இருக்கிறன்.”

கூடாரத்தின் வாசல் வழியாக வசந்தரூபி தெரிந்தாள். இயந்திரத்தின் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நடுவரைக் கூப்பிட்டது சான்றிதழில் தன் பெயரை எழுதத்தான் என்று நினைத்தாளோ என்னவோ, அவனைக் கண்டதும் தலையசைத்தாள்.

“கோடு உள்ளுக்கைதான் இருந்தது,” என்றான் கலைமாறன். “டயர் வெளியிலை போயிட்டுது.”

சிவப்புக் கொடியை அவன் எல்லோர் முன்னிலையிலும் தூக்கவேண்டும் என்றார்கள். தூக்கினான். சனத்துக்குள் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒரு பெண் வசந்தரூபியிடம் போய், “விடாதேங்கோ, கேளுங்கோ,” என்றாள்.

கார்புரேட்டர் என்ற ஒரு சொல்லை அவள் சொல்லியிருந்தால் போதும். கலைமாறனின் கோட்டு, பதவி எல்லாம் அந்த வயலிலேயே கழன்றிருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. அவனை ஒருதரம் பார்த்தாள். “நடுவர் சொல்லிப்போட்டார்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியைக் கழற்றி வைத்து, இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வயல்வழியே போனாள்.

ரோமனின் சான்றிதழில் கையெழுத்துகள் இரண்டாம் பக்கத்துக்கும் போயின. பத்தொன்பதாவது கையெழுத்து கலைமாறனுடையது.

*

திங்கட்கிழமை கடிதம் வந்தது. ‘நேர்மையும் துறைசார் அறிவும் மிக்கவர்’ என்று அதில் இருந்தது. அதைத் தொசியேக்குள் வைத்தான். வெளியே எடுத்தான். மறுபடி வைத்தான்.

வேலையில் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினான். ரயிலில் யாரும் தன்னைப் பார்த்தால் பார்வையைத் தாழ்த்தினான். தனக்கு வதிவிட அட்டை கிடைக்காமல் அலைந்த காலத்தில், பொலிஸைக் கண்டால் எந்தத் தெருவால் திரும்புவது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அவளும் இப்போது அப்படித்தான் திரும்புவாள். மூன்று கிழமை பொறுத்துப் பார்த்தான். பழகிவிடும் என்று நினைத்தது பழகவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றான். மூன்று தவணையிலும் நின்றான்.

“நான் பொய் சொன்னனான். டயர் வெளியிலை போகேல்லை. நான் ட்ரக்டர் ஓடினவனும் இல்லை, பெட்டியிலை நிண்டு மூட்டை ஏத்தினனான். அந்தப் பிள்ளைக்குத்தான் சான்றிதழ் குடுக்கோணும்.”

செபஸ்டியன்தான் முதலில் எழுந்தான். அவன் கண்கள் ஒளிர்ந்தன.

“இதுதான் நமக்கு வேண்டியது! ஒரு ஊழல், ஒரு ஸ்கந்தால்கூட இல்லாத விளையாட்டை எவன் மதிப்பான்? பெரிய ஸ்போர்ட் எல்லாத்தையும் பாருங்க. நாமளும் இப்ப அந்த லெவலுக்கு வந்துட்டோம்!”

மார்செல் கலைமாறனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உண்மையைச் சொல்றதுக்கு ஒரு ப்ரொசெதுயூர், ஒரு நடைமுறை வேணும்னு நான் எத்தனை வருஷமா சொல்றேன்.”

தலைவர் எழுந்து கைகூப்பினார். “தம்பியின்ர குற்றவுணர்ச்சிக்குப் பேரவை நன்றி சொல்லுது. இப்பிடி மனச்சாட்சி உள்ள நிர்வாகியள் எத்தினை அமைப்பிலை இருக்கினம்? இதை விசாரிக்க ஒன்பது பேரோடை ஒரு உண்மை அறியும் குழு போடுவம். தலைவர் கலைமாறன்தான். ஆறுதலா, ஒரு அஞ்சு வருசத்துக்குள்ளை அறிக்கை தந்தாக் காணும்.”

“அண்ணை, சான்றிதழ்?”

“அது குழு முடிவு செய்யும்.”

“குழுவிலை ஆர்?”

“நீங்கள்தான்.”

“அப்ப நான் இப்பவே முடிவு சொல்லுறன்.”

“தனி ஆளாச் சொல்லேலாது. ஜனநாயகம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ? மற்ற எட்டுப் பேரையும் தெரிவு செய்ய ஒரு உபகுழு போடோணும்.”

அவனுடைய குற்றவுணர்ச்சிக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் மூன்று தவணையிலும் ஏகமனதாக நிறைவேறியது. கலைமாறன் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுப் படியிறங்கினான். கோட்டை மறந்து விட்டுப் போகிறான் என்று நினைத்து, ஓர் உதவிச் செயலாளர் கார் துநோர் ரயில் நிலையம் வரை ஓடிவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

*

பிரான்சில் ஒருவருக்காகச் சாட்சி சொல்வதற்கு ஒரு வழி உண்டு. அத்தெஸ்தாசியோன் என்பார்கள். ஒரு தாளில் கண்டதைக் கைப்பட எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கலைமாறன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினான். அவள் நூறு மீற்றரும் இழுத்ததை எழுதினான். நாற்பத்தொரு பேரை எழுதினான். புறாக்களை எழுதினான். தான் நடுவராக இருந்து பொய் சொன்னதையும் எழுதினான். கடைசியில், பொய்ச் சாட்சிக்குத் தண்டனை உண்டென்று தனக்குத் தெரியும் என்ற வரியையும் கைப்பட எழுதவேண்டும். அந்த ஒரு வரிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

மறுநாள் விடுமுறை. ஆர்.இ.ஆர். ரயில் பிடித்து, பஸ் மாறி, ஜிஸ்லேனின் தோட்டத்துக்குப் போனான். வசந்தரூபி முட்டைக்கோவா நாற்றுத் தட்டுகளை இறக்கிக் கொண்டிருந்தாள். அவனைக் கண்டு வேலையை நிறுத்தவில்லை. எல்லாத் தட்டையும் இறக்கிய பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள்.

“பொய் சொன்னனான் எண்டு எழுதியிருக்கிறியள்.”

“ஓம்.”

“இது உங்கட தொசியேயிலை பிடிபட்டா?”

“தெரியாது,” என்றான்.

வழிநெடுக பஸ்ஸில் அவன் இந்த இடத்தைத்தான் யோசித்துக்கொண்டு வந்தான். வேண்டாம் அண்ணை, உங்கட வாழ்க்கை பழுதாப்போடும் என்று அவள் தாளைத் திருப்பிக் கொடுப்பாள். அவன் ஒருதரம் மறுப்பான். அவள் வற்புறுத்துவாள். இரண்டாம் தரம் வாங்கிக்கொள்வான். அதன் பிறகு நிம்மதியாக நித்திரை வரும்.

அவள் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

“அடையாள அட்டைக் கொப்பி எங்கை? அது இணைக்காட்டி இது செல்லாது.”

“மறந்துபோனன்,” என்றான் கலைமாறன். மறக்கவில்லை. காலையில் மேசையில் எடுத்துவைத்த பிரதியை, கதவைப் பூட்டும்போதும் அவன் பார்த்தான்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கார்ட் கைவசம் இருக்குத்தானே?”

இல்லையென்று சொல்ல வாயெடுத்தான். பிறகு பணப்பையைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தான்.

தோட்டத்து அலுவலக அறையில், விதை மூட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய பிரதி இயந்திரம் இருந்தது. அவள் மூடியைத் திறந்து கண்ணாடியைக் கைமுட்டியால் துடைத்து, அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். முன்பக்கம் எடுத்தாள். திருப்பி வைத்துப் பின்பக்கமும் எடுத்தாள். இரண்டையும் அவனுடைய சாட்சியத்தோடு சேர்த்துக் குத்தி, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அலுமாரியில் இருந்த தடித்த கோப்புக்குள் வைத்தாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருதரம் தடவிப் பார்த்தாள்.

அவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

“மழை வரப்போகுது அண்ணை. அதுக்குள்ளை நாத்து வைச்சு முடிக்கோணும்,” என்று சொல்லி அட்டையை நீட்டினாள்.

கலைமாறன் வாங்கிக்கொண்டான். அட்டை சூடாக இருந்தது.